என் தம்பி மேய்த்த ஆடுகள்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஐந்து பேர், பெற்றது நான்கு. ஐந்தாமவன் என் தம்பி. எங்கள் அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. என் இடுப்பில்தான் வளர்ந்தான். போன வாரம் இங்கே குவைத்தில் மாரடைப்பில் போய்விட்டான். உடலை ஊருக்கு, அவன் மனைவி மக்களிடம் அனுப்பியாகிவிட்டது. நாளை இங்கே நாங்கள் இருக்கிற அப்பாசியா பகுதியில் நினைவுக் கூட்டம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும், சொல்ல வந்தது கோணாது.

கூட்டத்தில் வாசிக்க என் மகள் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை எடுத்து வைத்திருக்கிறாள். அவள் இங்கே இந்தியப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பல நூறு வருடத்துக்கு முந்தைய இரங்கல் பாட்டாம். எனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொல்லிக் காட்டினாள். செத்தவன் ஆடு மேய்ப்பவன். மர நிழலில் உட்கார்ந்து குழல் ஊதுவான். அவன் போனதும் பூ வாடுகிறது, ஓடை அழுகிறது, ஆடுகள் புல் தின்ன மறுத்து அழுகின்றன.

"ஆடு எதுக்குடி அழுவுது? அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டுதான் இருக்கும்" என்றேன்.

"அது மரியாதைம்மா. நெச மேய்ப்பன் இல்ல. அந்தக் காலத்துல பெரிய படிப்பாளி, பிரபு யாரு செத்தாலும் இப்படிப் பாடிப் புகழுவாங்க."

"ஆட்டு மூத்திர நாத்தமே தெரியாத பிரபுவையா?"

"ஆமா."

"அப்ப நெசமா மேய்ச்சவன் செத்தா?"

அவள் பாட்டுத் தாளை மடித்து வைத்தாள்.

என் தம்பி நிஜமாகவே மேய்த்தவன். வீட்டு டிரைவர் வேலை என்று விசா வாங்கி வந்தவனைப் பாலைவனத்து ஆட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் விட்டார்கள். நிழல் என்றால் தண்ணீர் லாரியின் நிழல். லாரி கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடும். குளிரில் குட்டி செத்தால் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, ரப்பர் குழாயால் அடித்தான். அதனால் தன் கம்பளியைக் குட்டிகள்மேல் போர்த்திவிட்டு இவன் நடுங்கிக்கொண்டு கிடந்தான். முதல் லீவில் ஊருக்கு வந்தவனுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்தவள் நான். அந்தத் தழும்புகளை என் விரல் அறியும். அப்புறம்தான் வேறு முதலாளியிடம் மாறி டிரைவர் ஆனான். என் மகளை இங்கே வரவழைத்து வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

"மாமா ஆடு மேய்ச்சத அங்க சொல்லிராதம்மா" என்றாள். "பிரின்சிபால் மேடம் வர்றாங்க. கவிதையக் கேட்டா மாமா நெசமா மேய்ச்சவருன்னு யாருக்கும் தோணாது."

"அதத்தான்டி கேக்குறேன். பாட்டுல மேய்ச்சா பெருமை, மணல்ல மேய்ச்சா அசிங்கமா? கலாஸ், முடிஞ்சுது. அந்தப் பாட்டு வேணாம்."

"வேற என்னத்த வாசிக்கிறது?"

"நான் எழுதித் தர்றேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதினேன்.

சபையோரே, என் தம்பி ஆடு மேய்த்தான். அடி வாங்கி மேய்த்தான். அவன் கம்பளியைக் கொடுத்த பிறகு ஒரு குட்டியும் குளிரில் சாகவில்லை. அதுதான் அவன் புகழ். வேறு புகழ் இரவல் வேண்டாம்.

வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இங்க வந்து உக்காரு. இத மொதல்லேருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. நாளைக்கு நீதான் வாசிக்கணும். ஒங்கம்மா முன்வரிசையில இருப்பா. அவ மூஞ்சியப் பாக்காத."