கசெட் முடியும் வரை

சபா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் பெட்டிகளுக்கு விலாசத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். சுப்பவைசர் வந்து, உனக்குப் போன், அவசரமாம் என்றான். மறுமுனையில் மிச்சிக்கோ, அண்ணை வேலை செய்த ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண். குளிர் அறைக்குள் மீன் எடுக்கப் போனவர், கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தார், பிறகு எழும்பவில்லை என்று அவள் மூன்று முறை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தேவை வரவில்லை என்றாள். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் நானும் ஒரு பக்கம் எழுதினேன். அமைதியானவர், உழைப்பாளி, ஒருவரையும் நோகப் பேசாதவர் என்றெல்லாம். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு ஊருக்கும் போக இருந்தது. ஊருக்குப் போகக் கூடாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அவரோடு அந்தச் சமையலறையில் வெந்து அவிந்தவர்களுக்கும், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் எங்களோடு பாய் விரித்துப் படுத்தவர்களுக்கும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சபா அண்ணைக்கு அது அளவுக்கு மிஞ்சி இருந்தது. அவர் அந்தக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, இரண்டு வருடத்தில் சோறு சமைக்கிற இடத்துக்கு வந்தவர். ஜப்பான்காரரின் சோற்றுப் பானையை இடையில் திறக்கக் கூடாதாம். வீட்டிலும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தார். நான் பசியில் மூடியைத் தூக்குவேன். "தம்பி, அதை விடு. சோறு தன்ர பாட்டில வேகும். நீ பாத்தால் வேகாது" என்பார். நான் தூக்குவேன். அவர் திரும்ப மூடுவார். நாலு வருடம் இப்படியே போனது.

அவருடைய ஜப்பான் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், பகிடியும் பண்ணியிருப்பீர்கள். கடை முதலாளியிடம் ஒரே ஒரு பாடகரின் கசெட்டுகள்தான் இருந்தன. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவராம். ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல் என்று மிச்சிக்கோ சொன்னாள். எல்லாம் காதல் பாட்டு. ஒன்றிலும் இரண்டு பேரும் சேர மாட்டார்கள். ஆனாலும் அந்த மனிதர் அழுது பாடுவதில்லை. பஸ்சுக்கு நிற்கிறவர் பக்கத்தில் நிற்கிறவரோடு கதைப்பது போலப் பாடுவார். பகல் முழுக்க அது தலைக்கு மேலே ஓடும். எனக்கென்றால் விசர் பிடித்திருக்கும். அண்ணை ஓடர் எழுதும் துண்டுகளின் பின்பக்கத்தில் அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார். பிறகு மிச்சிக்கோவிடம் போய், இது என்ன சொல்லுது, அது என்ன சொல்லுது என்று கேட்டுக் கேட்டுத் துண்டின் அடியில் கருத்தையும் எழுதினார்.

அவருக்கு மிகவும் பிடித்த பாட்டில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவன் இரண்டு கோப்பை வாங்குகிறான். அவள் வரவில்லை. அவன் ஒன்றில் தேநீர் குடித்துவிட்டு, இரண்டையும் கழுவி வைக்கிறான். மறுநாளும் இரண்டையும் கழுவுகிறான். அவ்வளவுதான். "கோப்பை கழுவினவன்தான் உந்தப் பாட்டை எழுதியிருப்பான்" என்று அண்ணை சொல்வார்.

இந்தப் பைத்தியம் ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் எனக்கு மட்டும் சொன்னார். நீங்கள் ஒருவரும் அறியாத கதை இது.

அவர் கமலியைக் கலியாணம் முடித்து நாற்பது நாளில் புறப்பட்டு வந்தவர். பேசிச் செய்த கலியாணம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கப் பழகும் முன்னரே பிரயாணம் வந்துவிட்டது. கமலியின் தகப்பன் ஓய்வு பெற்ற தபாலதிபர். உத்தியோகத்தில் ஊராரின் கடிதங்களைத் திறக்காமல் இருந்த குறையை மனிசன் வீட்டில் தீர்த்துக்கொண்டார். அண்ணை யாருக்கு எழுதினாலும் மாமாதான் உடைப்பார், வாசலில் இருந்து சத்தமாக வாசிப்பார். ஆகையால் அண்ணை கசெட்டில் பேசி அனுப்பத் தொடங்கினார். அதிலும் பயனில்லை. கசெட் வந்தால் வீடு முழுக்கக் கூடும், அயலும் வரும். அத்தனை பேர் நடுவில் பெண்சாதியிடம் என்ன சொல்ல முடியும்? கமலி, மருந்தை நேரத்துக்குக் குடியும் என்பார். அதற்கே அயலட்டைச் சனம் சிரித்ததாம்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அந்தப் பாட்டு. எல்லோருக்கும் பேசி முடித்து, போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, கசெட்டை ஒன்றரை நிமிடம் சும்மா ஓட விடுவார். மாமா சரி முடிந்தது என்று எழும்பிப் போக அது போதும். பிறகு கோப்பைப் பாட்டையோ வேறொன்றையோ மெதுவாகப் பாடுவார். தப்பித் தவறி யாரும் கேட்டாலும் ஒரு எழுத்து விளங்காது. "ஆருக்கும் விளங்காத பாசையிலதான் தம்பி வெக்கப்படாமல் கதைக்கலாம்" என்றார்.

கமலி அது வரை கேட்பாவோ என்று நான் கேட்டேன். கேட்பாள் என்றார், அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சண்டையால் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் அரசாங்கத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் ரேப் றெக்கோடரை ஓட்டுவார்கள். சுற்றுகிறவள் கமலி. எல்லோரும் எழும்பிப் போனாலும் அவள் கடைசி வரை சுற்றுவாள் என்று அவர் நம்பினார்.

மறுமொழி அதே கசெட்டில்தான் வரும். புதுக் கசெட்டுகளை வழியில் சோதனையிட்டவர்கள் பறித்துவிட்டார்கள். பக்திப் பாடல்கள் என்று மேலே எழுதிய இந்தப் பழையது மட்டும் தப்பி, யாராவது போகிறவர் வருகிறவர் பையில், ஊருக்கு வழியாக இருந்த கிளாலிக் கடலைக் கடந்து போய் வந்தது. அவர்கள் இவருடைய பேச்சுக்கு மேலே பேசி அனுப்புவார்கள். இவர் அவர்களுடைய பேச்சுக்கு மேலே பேசி அனுப்புவார். மூன்று வருடத்தில் ஏழு முறை போய் வந்தது.

கசெட் வருகிற நாள் எங்கள் வீட்டில் கொண்டாட்டம், ஞாபகம் இருக்கும். ஊர்ப் புதினம் கேட்க எல்லோரும் கூடத்தில் வந்து குந்துவோம். ரேப் றெக்கோடர் என்னுடையது. ஆகையால் பக்கத்தில் இருந்து பொத்தானை அமத்துகிற அதிகாரமும் என்னுடையது. மாமா பேசுவார், மாமி இருமி இருமிப் பேசுவா, கமலி கடைசியில், நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், நீங்கள் குளிருக்குள்ள கவனம் என்று இரண்டு வசனம் சொல்லுவா. பிறகு மாமா, சரி மருமகன், முடிக்கிறம் என்பார். உடனே நான் நிற்பாட்டுவேன். முடிஞ்சுது, வாங்கோ சாப்பிடுவம் என்பேன். அண்ணை ஒருமுறையும் என்னைத் தடுத்ததில்லை.

போன மார்கழியில் ஒருநாள், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். கமலியை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவலும் அசையவில்லை. நேர்முகத்துக்குக் கொழும்பு வர, ஊரை விட்டு வெளிக்கிடுகிற பாஸ் அவவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"மூண்டு வருசமாப் பாடுறன் தம்பி. அவள் திருப்பி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நாப்பது நாள் இருந்த ஒருத்தனுக்காக அவள் ஏன் காவல் இருக்கவேணும்? இந்த முறை நான் பாடேல்லை, கடைசி மட்டும் சும்மா ஓட விட்டுப் பதிஞ்சன்."

அதற்கு நான் சொன்ன மறுமொழியை உங்களிடமும் மறைக்கப் போவதில்லை. "விடுங்கோ அண்ணை. உந்த ஜப்பான் பாட்டு அவவுக்கு விளங்குமே? தமிழிலையே ஒண்டும் சொல்லாத ஆள்" என்றேன். அவர் சிரித்தார். எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தார். அன்றைக்கும் நான் மூடியைத் தூக்கினேன். பாட்டில்லாத கசெட் அந்தக் கிழமையே ஊருக்குப் போனது. மாசி மாதம் அவர் அந்த வாளியில் உட்கார்ந்தார்.

அவரை எரித்து மூன்று கிழமைக்குப் பிறகு கசெட் திரும்பி வந்தது. செய்தி அங்கே எட்டுவதற்கு முன்னரே அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டில் நான் தனியே இருந்தேன். போட்டேன். மாமா பேசினார், மாமி இருமினா, கமலி குளிருக்குள்ள கவனம் என்றா. சரி மருமகன், முடிக்கிறம். எனக்குக் கையைத் தூக்கிப் பொத்தானை அமத்தச் சீவன் இருக்கவில்லை. முதல் தடவையாக அது ஓடியது.

ஒன்றரை நிமிடம் வெறும் இரைச்சல். அதற்குள் சைக்கிள் சங்கிலி கிறீச்சிடுகிற சத்தம். அதற்குப் பின்னால், தாழ்ந்த குரலில், மூச்சு வாங்கிக்கொண்டு கமலி.

"இஞ்சாருங்கோ. இந்த முறை நீங்கள் பாடேல்லை. முடியுமட்டும் சுத்திப் பாத்தன், ஒண்டும் வரேல்லை. சுகமில்லையோ? நான் எப்பவும் போல பாடுறன், கேளுங்கோ."

பாடினா. அதே கோப்பைப் பாட்டு. ஜப்பான் சொற்கள், அண்ணையின் வாயில் சிதைந்து அவவின் வாயில் இன்னும் சிதைந்திருந்தன. மெட்டு மட்டும் ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு பாடியிருக்க வேண்டும். கை களைக்கும்போது டைனமோ தளர்ந்து குரல் ஏறியும் இறங்கியும் வந்தது. கசெட் முடிந்து பொத்தான் தானாகத் துள்ளியது.

எப்பவும் போல என்றா. அப்படியென்றால் ஏழு முறையும் பாடியிருக்கிறா. அண்ணை விட்ட அதே இடைவெளியை விட்டு, அண்ணைக்கு மட்டும் பாடியிருக்கிறா. மின்சாரம் இல்லாத வீட்டில் அவ கையால் சுற்றிச் சுற்றி முடியும் வரை கேட்டா. சுவர் முழுக்க மின்சாரம் ஓடுகிற வீட்டில் நான் நிற்பாட்டினேன். நான் நிற்பாட்டியதற்கு மேலே அண்ணை தன் பாட்டைப் பாடி, அவவின் பாட்டைத் தானே அழித்து அனுப்பினார். அவவும் இவருடைய பாட்டுக்கு மேலேதான் பாடினா. இப்போது அவருடைய குரல் எந்தக் கசெட்டிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அந்த மனிதர் தன்னை வேண்டப்படாதவன் என்று நினைத்துக்கொண்டு செத்தார். ஒரு பொத்தானை ஒன்றரை நிமிடம் விட்டு வைத்திருந்தால் போதும். ஐயோ, அவ்வளவுதான்.

செய்தி போய்ச் சேர்ந்த பிறகு கமலி எனக்கு ஒரு கடிதம் எழுதினா. வேறு ஒருவருக்கும் தெரியாமல் யாரோ கையில் கொடுத்து விட்டிருந்தா. நாலு வரிதான். "அவர் நான் பாடினதுகளைக் கேட்டவர்தானே? அது ஒண்டு மட்டும் தெரிஞ்சால் எனக்குப் போதும்."

பொறுமையில்லாத நான் அந்தக் கடிதத்தைப் பதினேழு நாள் மேசையில் வைத்திருந்தேன். பிறகு எழுதினேன். ஓம் அக்கா, கேட்டவர். எங்களை எல்லாம் வெளியால அனுப்பிப்போட்டு, தனிய இருந்து, ஒவ்வொருமுறையும் முடியுமட்டும் கேட்டவர். கடைசியாய் வந்ததையும் கேட்டவர் என்று மட்டும் எழுத முடியவில்லை. அது வர முன்னரே போயிட்டார், அவர் பாடாமல் விட்டது தொண்டை நோவால் என்று எழுதினேன்.

சபா அண்ணையின் சாமான்களை அவரவர் பங்கிட்டு எடுத்தீர்கள். நான் இரண்டை வைத்திருக்கிறேன். ஒன்று, அந்தப் பாட்டை அவர் எழுதிய ஓடர்த் துண்டு. மூலையில் சோயாக் கறை. மற்றது பக்திப் பாடல்கள் என்று மேலே எழுதிய கசெட். அவருக்கு வந்த பாட்டு அது, நான் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள். ஊருக்குப் போகிற எவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். அவர் கேட்டவர் என்றே அங்கே ஒருத்தி நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.