படகு போகாத நாள்

ஒன்றியப் பள்ளிகளின் ஆங்கிலத் தேர்வுக்கு அந்தக் கேள்வியை எழுதியது நான்தான். பனியும் ஆப்பிளும் போதும், நம் கரையையே ஆங்கிலத்தில் எழுதுவோம் என்று கூட்டத்தில் பேசியதும் நானே. நம் ஊர்ப் படகுகள் கடலுக்குப் போகாத நாள் எது என்று கேட்டிருந்தேன். விடைப்பட்டியலில் 'சண்டே' என்று அச்சாகியிருந்தது.

நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து நெல்வயல்காரன். கடலை அறிந்தது பாம்பனில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில்தான். அங்கே நான் குடியிருந்த தெருவில் ஞாயிறன்று எல்லாரும் தேவாலயத்தில் பூசைக்குப் போவார்கள். வள்ளங்கள் கரையில் கிடக்கும். கரை முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

புதிதாக மாற்றலாகி வந்த இப்போதைய பள்ளி இருப்பது முஸ்லிம்கள் நிறைந்த கடலோர ஊரில். நாற்பது மதிப்பெண் எடுத்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். எங்கள் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது. 'ஃப்ரைடே' என்று எழுதியிருந்தாள். வேற்றுப் பள்ளி ஆசிரியர் பட்டியலைப் பார்த்துச் சிவப்பில் அடித்திருந்தார். செவ்வாயன்றே விடைத்தாள் என் கைக்கு வந்தது; பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நாட்குறிப்பிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்றியத் தேர்வுப் பொறுப்பு முழுவதும் எங்கள் தலைமையாசிரியருடையது. பெயர்ப்பட்டியல் மாவட்டத்துக்குப் போக வேண்டிய அன்று, பதினொன்றே காலுக்கு, பெண்ணின் தகப்பனார் வந்தார். கையில் நாலாக மடித்த விடைத்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"எம்புள்ள பொய் எழுதலையே சார்."

"பொய்யினு யாரு சொன்னா பாய்? கீயில ஞாயிறுனு இருக்கு. அச்சுல வந்தத நான் மாத்த முடியுமா?"

"ஞாயிறு உங்களுக்கு லீவு சார். மீனுக்கு ஏது லீவு?"

தலைமையாசிரியர் சிரித்தார். தகப்பனார் சிரிக்கவில்லை. பேச்சை முடித்துவிடும் எண்ணத்தில் தலைமையாசிரியர் கேட்டார்: "நீங்க என்ன, இன்னைக்குத் தொழிலுக்குப் போகலையா?"

தகப்பனார் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளி சார். ஜும்ஆ தொழுக நாளு. எங்க கரையில ஒரு வள்ளமும் எறங்காது. அதான் இங்கன வர முடிஞ்சுச்சு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அந்தக் கேள்வி என்னுது சார்," என்றேன். "பாம்பன மனசுல வச்சு எழுதிட்டேன்."

தலைமையாசிரியர் என்னையே பார்த்தார். "அப்ப பாம்பன் பிள்ளைக எழுதின ஞாயிறு?"

"அதுவும் சரிதான்."

"ரெண்டு விடையா? கீயில விடைக்குக் கட்டம் ஒண்ணுதானே போட்டிருக்கு." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "தப்பு உங்களுதுனு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எல்லாப் பள்ளித் தாளையும் இன்னைக்கே நீங்கதான் திரும்பப் பாக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

"நாப்பதா சார்?" என்று கேட்டார் தகப்பனார்.

"நாப்பது," என்றார் தலைமையாசிரியர்.

அவள் பெயர் பட்டியலில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு அவர் தொழுகைக்குக் கிளம்பினார். அன்று நாட்குறிப்பில், வெள்ளிக்கு முன்னால், விட்டுப்போன செவ்வாயை எழுதினேன்.