சாட்சி அண்ணனின் கோட்

சட்டையின் காலரையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் தேய்த்து முடித்ததும் சாட்சி அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுகிறார். முதுகு, மார்பு, கை எல்லாம் கசங்கியது கசங்கியபடியே இருக்கின்றன. "மேல கோட் போட்டா எது தெரியும்? காலரும் கையும்தானே? தெரியிற எடத்தைத் தேய்ச்சாப் போதும் தங்கச்சி. மீதிக்குக் கரண்ட் எதுக்கு வீணா?" என்பார். இஸ்திரிப் பெட்டி என்னுடையது. மேசை என்னுடையது. கரண்டும் என்னுடையதுதான். அதைச் சொன்னால் காதில் விழாதவர்போலக் கோட்டை உதறிக்கொண்டே முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடுவார்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர். எங்கள் ஊர்க் கடற்கரை அழகு என்று யாரோ கிளப்பிவிட்டதில், எந்தெந்த நாட்டிலிருந்தோ ஜோடி ஜோடியாக வந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டு போகிறார்கள். மணலில் வெள்ளை நாற்காலி போட்டு, பூ வளைவு வைத்து, முக்காடு காற்றில் பறக்கப் படம் எடுத்துக்கொள்வதெல்லாம் அப்புறம். சட்டம் ஒப்புக்கொள்கிற கல்யாணம் பதிவு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், பச்சை ரெக்சின் ஒட்டிய ஒரு மேசையில்தான் நடக்கிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து அவர்களுடைய காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்து நான் பிழைக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ், ஆகி முறிந்திருந்தால் தீர்ப்பின் நகல், ஒவ்வொன்றின் மேலும் அவரவர் நாட்டு வெளியுறவுத் துறையின் முத்திரை. காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். கல்யாணத்துக்கு உண்டு, அதுவும் கண்ணாடி போட்ட கண்.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் ஜோடிகள் முழித்துக்கொண்டு நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். இந்த நாட்டு அடையாள அட்டை வைத்திருப்பவர்களாக இருக்க வேண்டும். மணமக்களில் யாருக்கும் ரத்த சொந்தமாக இருக்கக்கூடாது. கடல் தாண்டி வந்த இரண்டு பேர் சாட்சிக்கு எங்கே போவார்கள்? என்றைக்கோ ஒருநாள், வாசலில் காரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த இவரை ஒரு ஜோடி கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தது. அன்றிலிருந்து இவர்தான் முதல் சாட்சி, படம் எடுக்கிறவர் இரண்டாம் சாட்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஊருக்கு இவர் சாட்சி அண்ணன்.

கோட் கருநீலம். காரின் பின்சீட்டு ஜன்னலோரக் கொக்கியில் அது தொங்குகிறது, அந்தப் பக்கம் யாரையும் உட்கார விடமாட்டார். "அங்க ஆள் இருக்கு" என்பார். கோட் போடாமல் சாட்சி நிற்பது அவரைப் பொறுத்தவரை குளிக்காமல் வருவதைப் போல. படம் எடுக்கிறவர் ஒருமுறை டி-ஷர்ட்டில் வந்துவிட்டதற்கு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பாஷை எதுவும் தெரியாது. கையால் பேசுவார், புருவத்தால் பேசுவார், அதற்கும் மசியவில்லையென்றால் ஹாரனால் பேசுவார். ஆனால் பதிவாளரம்மா கேட்கிற கேள்விக்குப் பெண்ணும் பையனும் சம்மதம் சொல்லும்போது, கண்ணை எடுக்காமல் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "சாட்சின்னா சும்மாவா? நாளைக்கு இதுங்க அடிச்சுக்கிட்டா, இல்ல, அன்னிக்கு ரெண்டும் மனசார சிரிச்சுதுன்னு நான் சொல்லணும்ல?" ஒருநாள் ஒரு பெண்ணுக்குச் சம்மதம் சொல்லக் குரலே எழும்பவில்லை. இவர் பேனாவை மூடிவிட்டார். "மேடம், இந்தப் பொண்ணு கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரட்டும்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். பார்த்தால், பதற்றத்தில் அது காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டீயும் பன்னும் உள்ளே போனதும் கணீரென்று சம்மதம் சொன்னது.

சில ஜோடிகள் குடும்பத்தோடு வரும். பெற்ற தாய், நான்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவோடு முன்னால் வருவாள். அவளைச் சமாதானப்படுத்துவதும் இவர் வேலைதான். என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, எப்போதும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். "அம்மா, நீங்க சொந்தம். சொந்தக்காரங்க அழலாம், சிரிக்கலாம், கையெழுத்து மட்டும் போடக்கூடாது." கேட்டவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அப்பா கையெழுத்துப் போடுவதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள். "என் கல்யாணத்துக்கும் நீதான்பா போடணும்" என்று ஒருநாள் கேட்டாளாம். "உனக்குப் போடாம வேற யாருக்குப் போடப்போறேன்?" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது சட்டம் எங்கே ஞாபகம் வந்தது, வாய்தானே முந்திக்கொண்டது!

அந்தப் பெண் இப்போது வெளிநாட்டில் மூக்குக் கண்ணாடி செய்யும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற பையன்தான் மாப்பிள்ளை, அந்த நாட்டுக்காரன். அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவளைப் பார்க்கப் போக இவர் விசாவுக்கு எழுதிப் போட்டு, இல்லை என்று திரும்பி வந்து, மறுபடியும் போட்டு, மறுபடியும் வந்துவிட்டது. "அப்பா வர முடியலன்னா என்ன? நாங்க அங்க வரோம். அப்பா கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம்" என்று எனக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையின் காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முத்திரை வாங்கினோம், மொழிபெயர்த்தேன், அலுவலகத்துப் பலகையில் அறிவிப்பும் ஒட்டியாயிற்று. கடற்கரையில் வெள்ளை நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. அப்பா கையெழுத்துப் போடமுடியாது என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நான் சொல்லியிருப்பேன். இவர் என் வாயைக் கட்டிவிட்டார். "நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன் தங்கச்சி, நீ உள்ள நுழையாதே." சரி என்று விட்டேன். ஒரு வாரம் சிக்னல் சரியில்லை. அடுத்த வாரம் அவளுக்கு வேலை அதிகம், பாவம். அதற்கடுத்த வாரம் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஊருக்கெல்லாம் சட்டம் சொல்ற வாய், பெத்த பொண்ணுகிட்ட ஊமையாப் போச்சு" என்று அண்ணி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நடுவில் பதிவாளரம்மாவிடம் போய் இழுத்திருக்கிறார். "மேடம், அப்பான்னு வராம, டிரைவர்னு வந்தா?" அந்தம்மா கல்நெஞ்சுக்காரி ஒன்றும் இல்லை. "அண்ணே, பொண்ணு பேருக்கு முன்னாடி நிக்கிற இனிஷியலே நீங்கதானே, நான் என்ன பண்ணட்டும்?" என்றிருக்கிறார். வெளியே வந்தவர் காரில் ஏறி, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லாத தெருவில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கு நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன் அண்ணே" என்று நேராகவே சொல்லிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "அவ அதுக்காகத்தான் கடல் தாண்டி வரேங்கிறா. அது இல்லன்னு ஆயிட்டா, செலவு எதுக்கு, அலைச்சல் எதுக்குன்னு அங்கயே முடிச்சுட்டா? நான் எப்படிப் போய்ப் பாப்பேன்? எம் பொண்ணு சிரிச்சுதா இல்லையான்னு எனக்கு எவன் வந்து சொல்வான்?" அதன்பிறகு நான் எங்கே வாயைத் திறப்பது? அன்றைக்குப் பூரா ஒரு காகிதம்கூட உருப்படியாக மொழிபெயர்க்கவில்லை.

கார் நிறுத்தத்தில் மீசைக்காரர் என்று இன்னொரு டிரைவர் இருக்கிறார். அவருக்கும் இவருக்கும் எலியும் பூனையும்தான். அலுவலக வாசல் மரத்தடி நிழல் யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை, எதற்கு என்பதே மறந்துபோகிற அளவுக்கு வளர்ந்து, பேச்சு வார்த்தையே நின்றிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள், மகளும் மாப்பிள்ளையும் ஊர் வந்து இறங்கியிருந்த நேரத்தில், சாட்சி அண்ணன் தெருவைத் தாண்டிப் போய் அந்த மனிதரின் கார் பக்கத்தில் நின்று பேசுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. "என்ன அண்ணே பேசுனீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, இனிமே மரத்தடி அவனுக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, பேனாவைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். இஸ்திரி வேண்டாமா என்று கேட்டேன். "வீட்லயே ஆச்சு" என்றார். மீசைக்காரர் அலுவலகப் படியில் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதிவாளரம்மா வாசித்தார். மாப்பிள்ளை, மனப்பாடம் செய்துவைத்திருந்த "சம்மதம்" என்ற சொல்லை உடைத்து உடைத்துச் சொன்னான். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாட்சி அண்ணன் வழக்கம்போலக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "சாட்சிகள் வாங்க" என்றதும், மகள் கைப்பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்து நீட்டினாள். அப்பாவுக்கென்றே அங்கிருந்து வாங்கி வந்தது.

"வாப்பா."

மேசைவரை போனார். பேனாவை வாங்கவில்லை. "நான் போடக்கூடாதும்மா."

"என்னப்பா வெளையாடுற?"

"சொந்தக்காரங்க அழலாம், சிரிக்கலாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பச்சை ரெக்சின் மேல் கையை வைத்தார். "இந்த மேசையில எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். அவங்களுக்கெல்லாம் நான் யாரோ, அதனால போட விட்டாங்க. உனக்கு நான் யாரோ இல்லையேம்மா."

"இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ அங்கயே முடிச்சிருப்ப. எனக்கு உன்னைப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "லூசு அப்பா! நீ வர முடியலன்னுதானே நான் கெளம்பி வந்தேன். கையெழுத்தா பெரிசு எனக்கு?" என்று அவர் தோளில் ஒன்று போட்டாள். மாப்பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்க்கிற நிலையிலா இருந்தேன்? பதிவாளரம்மா ஏற்கெனவே ஈரமாக இருந்த மைப்பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாட்சி அண்ணன் வாசல் பக்கம் திரும்பி, "வாய்யா" என்றார். மீசைக்காரர் உள்ளே வந்தார். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அவரை மேலும் கீழும் பார்த்தார் அண்ணன். பொறுக்கவில்லை. தன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார், அதை மீசைக்காரருக்கு மாட்டிவிட்டார், தொப்பையில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு பொத்தானை இழுத்துப் பிடித்துப் போட்டார், காலரைச் சரிசெய்தார். மகள் வாங்கி வந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நிதானமாப் போடு. மொகத்தைப் பாத்துட்டுப் போடு."

அந்தக் கல்யாண மேசையருகில் கோட் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளைச் சட்டை. முதுகு, மார்பு, கை, விளிம்பு எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. அத்தனையும் தேய்த்திருந்தார். சொந்தக்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி வரிசைக்குப் போய், அண்ணியின் பக்கத்தில், சட்டையின் பின்பக்கத்தைக் கையால் மெல்ல நீவிவிட்டுக்கொண்டு, அது கசங்காமல் உட்கார்ந்தார்.