இடி இடித்தால் பிளக்கைக் கழற்றவும்

கேள்வி கேட்கிற இயந்திரங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. செய் என்றால் செய்ய வேண்டும், முடியாதென்றால் முடியாதென்று சொல்லித் தொலைக்க வேண்டும். பதுளையில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்துக்கு எழுத்து வேலை முழுவதும் நான்தான். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கியபோது அதில் லினக்ஸ் போட்டதும் நான்தான். "எங்க மிஸ்ஸுக்குத் தெரியாத கம்ப்யூட்டரே இல்ல" என்று ஃபாதர் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தார். எனக்கும் அது கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

அன்று காலை எட்டு மணிக்கே மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு அம்மாமார் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெட்டைப் பிள்ளைகள், அறுபதைத் தாண்டியவர்கள். மூத்தவர் வாய் ஓயாமல் பேசினார். இளையவர் பையை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு சரிஞ்சு நாங்க குடியிருந்த லயம் போயிருச்சு மிஸ். வேற எடத்துல வீடு குடுக்குறாங்களாம். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணுன்னு பேரு எழுதிட்டுப் போயிருக்காங்க. பொறந்த பதிவு கேக்குறாங்க. எங்களுக்கு அது ஏது? கோயில் புத்தகத்துல இருந்தா அதுவே போதும்னு ஆபீஸ்ல ஐயா சொன்னாரு. நாளைக்குத்தான் கடைசி நாளு."

அந்தத் தோட்டத்துச் சின்னக் கோயிலும் அதே சரிவில்தான் போயிருந்தது, உள்ளே இருந்த ஞானஸ்நானப் பதிவேட்டோடு. நல்லவேளை, அதற்கு முந்திய வருடம் நான் அங்கே போய்ப் பக்கம் பக்கமாக ஃபோனில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். போட்ட கையோடு, ஃபோனில் இடம் இல்லையென்று அங்கிருந்ததை அழித்தும்விட்டேன். "கவலைப்படாதீங்கம்மா, பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. ஃபைல் சிஸ்டத்தில் எதிர்பாராத முரண்பாடாம். சோதிக்கிற கட்டளையை நானே ஓட்டிக்கொள்ள வேண்டுமாம். ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிற இடாப்பு. அது குழம்பிவிட்டால் படம் உள்ளேயே கிடந்தாலும் இருக்கிற இடம் தெரியாது.

"என்ன மிஸ், வரலையா?"

"வரும், வரும்."

எங்கே வந்தது? டிஸ்க்தான் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பென் டிரைவில் வைத்திருந்த இன்னொரு லினக்ஸைக் கொண்டு எழுப்பி டிஸ்க்கின் உடல்நலத்தை விசாரித்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்றது. கேபிளை மாற்றினேன். தூசி மூக்கில் ஏறித் தும்மினேனே தவிர வேறு பலன் இல்லை. பதிவேட்டு ஃபோல்டரைத் திறந்தால் 'கட்டமைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி. சுத்தம் செய்ய வேண்டுமாம்! சனிக்கிழமை தவறாமல் நான் துடைக்கிற கம்ப்யூட்டர்!

எட்டிப் பார்த்த ஃபாதர், வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டார். எடுத்து வைத்திருந்தேன். அதே டிஸ்க்கில், பக்கத்து ஃபோல்டரில். ஃபாதர் நல்ல மனுசர், தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிறகுதான் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எழுதி வைக்கிற நாட்குறிப்பைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தால், வாரக்கணக்காக ஒரே கதை. பின்னேரம் மூன்று மணி வாக்கில் பாதி வரியில் எழுத்து நின்றிருக்கிறது. மூடியதற்கான அடையாளமே இல்லை. இரண்டு மணிக்கு நான் வீட்டுக்குப் போய்விடுவேன், கம்ப்யூட்டரை ஃபாதருக்காக ஓட விட்டுவிட்டுத்தான் போவேன். அதற்குப் பிறகு யாரோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள்.

மூன்று மணி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த மாதங்களில் பதுளையில் இடி முழங்குகிற நேரம் அதுதான். குசினியில் சமைக்கிற அக்காவைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானே அக்கா பிளக்கைப் புடுங்குனது?"

"ஆமா தங்கச்சி. இடிச்சத்தம் கேட்டா ஒலையில அரிசி கெடந்தாலும் போட்டுட்டு ஓடியாந்துருவேன். ஒரு நாளும் தவறுனது இல்ல." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஐயோ அக்கா! ஓடிக்கிட்டு இருக்கிறதையா புடுங்குவாங்க? எழுதுறவன் கையிலேருந்து பேனாவைப் பறிச்ச மாதிரி! யாரு உங்கள அதத் தொடச் சொன்னது?"

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினார். சுவிட்சுக்கு மேலே, சிவப்பு மையில், மூன்று ஆச்சரியக்குறிகளோடு ஒரு காகிதம். 'இடி இடித்தால் பிளக்கைக் கழற்றவும்!!!' என் கையெழுத்து. முந்திய கம்ப்யூட்டர் மின்னலில் கருகியபோது ஆத்திரத்தில் நான் எழுதி ஒட்டியது. இந்த மலையில் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். முதலில் கம்ப்யூட்டரை மூட வேண்டும் என்பதை நான் எழுதவும் இல்லை, அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

பஜாரில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடைக்காரருக்கு, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனுக்கு, ஃபோன் போட்டேன்.

"மிஸ், ஒண்டும் செய்ய வேணாம். முதல்ல முழு டிஸ்க்கையும் அப்படியே வேற டிஸ்க்குக்குப் பிரதி எடுங்க. நான் ஒண்டு தாரேன். அதுக்குப் பொறகு கை வைங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் நானா?"

"அது பழைய மெஷின்தானே, அஞ்சு ஆறு மணித்தியாலம் போகும்."

அப்போதே பகல் ஒரு மணி. அம்மாமாருக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தவிர, அந்தச் சிவப்பு எழுத்து என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதே மட்டுத்தான். பிரதியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சோதிக்கிற கட்டளையை ஓட்டினேன்.

அது கேள்வியாகக் கேட்டது. சரிசெய்யவா? ஒய் என்று அமுக்கினால் ஆமாம். இரண்டு ஃபைல்கள் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடுகின்றன, பிரிக்கவா? ஒய். முதல் இருபது கேள்வியை வாசித்தேன். அப்புறம் யார் வாசிப்பது? விரலை எடுக்காமல் ஒய், ஒய், ஒய். நடுவில் வெளியே ஒரு இடி முழங்கியது. குசினி அக்கா பழக்கத்தில் பாய்ந்து வந்து பிளக்கில் கை வைத்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் வாங்கில் இருந்த இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கடைசியில் படங்கள் கிடைத்தன, பெயர் இல்லாமல், வெறும் எண்களாக. எது எந்தப் பக்கம் என்று திறந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார், அதைக் குடிக்கவும் மறந்துபோனேன். நாலு மணிக்கு ஒரு பக்கத்தில் அவர்களுடைய அப்பாவின் பெயரை வாசித்தேன்.

"அது எங்க அப்பாதான்! எங்க அப்பாதான் மிஸ்!" மூத்தவர் கையைத் தட்டினார்.

மூத்தவரின் பெயர், நாள், அப்பா, அம்மா, ஞானத்தாய் எல்லாம் தெளிவாக இருந்தன. ஓரத்தில் அந்தக் காலத்துச் சாமியார் 'ரெட்டையில் மூத்தது' என்று குறித்திருந்தார். அந்த வரிக்குக் கீழே படம் இல்லை. பக்கத்தின் அடி வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். திரும்பத் திரும்பத் திறந்தேன், பக்கத்து ஃபோல்டரிலிருந்த பிரதியைத் தேடினேன், அது அடியோடு போயிருந்தது.

நானாவுக்கு மறுபடி ஃபோன் போட்டேன். "அழிக்கவான்னு கேட்டதுக்குமா மிஸ் ஒய் போட்டீங்க?" என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

அதுவரை வாய் திறக்காத இளையவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தச் சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் எங்க மிஸ்?"

காலையிலிருந்து டிஸ்க்கைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன், பாவம் அந்த அக்காவைத் திட்டினேன். இப்போது திட்ட ஆள் இல்லை. "நான்தாம்மா அழிச்சேன். வாசிச்சுப் பாக்காம அவசரப்பட்டு ஆமாம்னு அமுக்கிட்டேன்" என்றேன்.

அவருக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "பரவாயில்ல மிஸ். இவ பேரு இருக்குல்ல. ஒரு மூலை குடுக்காமயா போயிருவா?" என்று மூத்தவரைப் பார்த்துச் சிரித்தார். காலையிலிருந்து ஓயாத மூத்தவர் தங்கச்சியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. இளையவருக்காக ஃபாதர் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார், ஆபீசில் அதை ஏற்பார்களா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. நான் மூத்தவரின் சான்றிதழை டைப் செய்து அச்சுக்கு அனுப்பினேன். எத்தனை பிரதி என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்தத் தடவை கேள்வியை வாசித்தேன். ஒன்று என்று அமுக்கினேன்.