உப்புநீர்த் தொட்டியில் அம்மாளாச்சி காட்டிய வழி

அம்மா மருந்துக் குளிசைகளை விழுங்குவதில்லை என்பது, தலையணை உறையை மாற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. உறையை உதறினேன். காலையும் மாலையும் நான் என் கையால் கொடுத்தவை எல்லாம் கட்டிலில் கொட்டின. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்த காலம் அது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் போயிட்டனெண்டால் நீ திரும்பிப் போகலாம்தானே, பிள்ளை."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன்.

நான் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவள். ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். பொருள்களை மிகக் கடுமையாகக் குளிர வைத்து, அந்தக் குளிரில் அவற்றுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. அம்மா விழுந்ததும் எங்கள் ஊர் அளவெட்டிக்குத் திரும்பி வந்தேன். தற்காலிக விரிவுரையாளராகக் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவை விட்டு வெளிநாடு போக முடியாது. இங்கே என் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆகவே வேறு வேலை தேடத் தொடங்கினேன்.

வங்கி, காப்புறுதி, கணினி நிறுவனம் என்று எதையும் விடவில்லை. கொழும்பில் ஒரு நேர்முகத்தில், நான் படித்த படிப்புக்கு இந்த வேலை போதாது, கொஞ்ச நாளில் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றார்கள். அதன் பிறகு விண்ணப்பங்களில் 'கலாநிதி' என்பதை எடுத்துவிட்டேன். அப்போது, இத்தனை வருடம் வெளிநாட்டில் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்டார்கள். ரியூஷனும் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வேண்டியது விடை, எனக்கு வந்தது விளக்கம். ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் இப்ப என்ன செய்யிறீர் என்று கேட்பதற்குப் பயந்து, சந்தைக்குப் போவதையும் குறைத்தேன்.

குளிசைகள் கொட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானப் பூசைக்கு எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனேன். அதுவரை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அந்த வேலையைத் தா, இந்த வேலையைத் தா என்று நிறுவனத்தின் பெயர்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று வார்த்தை எதுவும் வரவில்லை. "அம்மாளாச்சி, எனக்கு இனி ஏலாது" என்று மட்டும் சொன்னேன். தீபம் காட்டினபோது கையைக்கூடக் கூப்பவில்லை. அழுதேன்.

கடற்கரைப் பக்கமிருந்து வெள்ளிதோறும் வருகிற சரோ அக்கா அருகில் நின்றார். முன்பு இரண்டொரு தரம் சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான். பூசை முடிந்ததும் என்னை வெளி வீதியில் இருத்தி, தண்ணீர் வாங்கித் தந்தார். அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஆறுதலுக்காகவோ என்னவோ, வெளிநாட்டில் என்னத்தைப் படிச்சனீர் என்றார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "குளிர், அக்கா. சாமான்களைக் குளிராக்கிறது" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எங்கடை அவர் ஐஸ் உறையுதில்லையெண்டு சாப்பாடும் இறங்காமல் திரியிறார். ஒருக்கா வந்து பாப்பீரே?"

அவருடைய கணவர் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி போட்டுக் கொடுக்கிறவர். கட்டிகள் நடுவில் உறையாமல் தண்ணீராக வந்தன. படகுக்காரர் ஐஸுக்குத் தூர இடங்களுக்கு அலைந்தார்கள். திருத்த வந்தவர்கள், மெஷின் பழசு, புதிது போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு வழியில்லாமல் அவர் ஐஸ் கொம்பனியைப் பூட்ட யோசித்திருந்தார்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். பெரிய தொட்டி நிறைய உப்புநீர். அதற்குள் ஓடும் குழாய்கள் உப்புநீரைக் குளிராக்கும், தகரப் பெட்டிகளில் உள்ள நல்ல தண்ணீரை அந்த உப்புநீர் உறைய வைக்கும். தொட்டியை மூடியிருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தேன். குழாய்களைச் சுற்றி மொத்தமாக ஐஸ் பிடித்திருந்தது. உப்புநீர் உறையக்கூடாது, உறைந்திருந்தது. குழாயின் குளிர் வெளியே வர முடியாமல் போர்வை போர்த்தியது போலிருந்தது. ஒரு போத்தலில் முதலில் அந்தத் தண்ணீரையும், பிறகு அதே போத்தலில் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து, முன்னால் இருந்த கடையின் தராசில் நிறுத்தேன். உப்புநீர் நன்றாகக் கனத்திருக்க வேண்டும், வித்தியாசமோ மிகக் கொஞ்சம். பெட்டிகளிலிருந்து சிந்திய தண்ணீரால் தொட்டியில் உப்புக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முன்பு அதைக் கவனித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார்.

மெஷினை நிறுத்தி, ஐஸை உருகவிட்டு, மூட்டை மூட்டையாக உப்புப் போட்டோம். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிழையாகப் போகுமோ என்று பயந்துகொண்டு கிடந்தேன். அடுத்த முறை பெட்டியைக் கவிழ்த்தபோது கட்டி நடுவரைக்கும் வெள்ளையாக, இறுக்கமாக வந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். முதலாளி, மாதத்துக்கு ஒருக்கா வந்து பார்ப்பீரோ என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் வாறன். எனக்கு வேலை வேணும், அண்ணை" என்றேன்.

இவ்வளவு நாளும் நான் வாய் திறந்து ஒருவரிடமும் இப்படி நேராகக் கேட்டதில்லை. அவர் யோசித்துவிட்டு, ஓம் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். ஐஸ் கொம்பனியிலையே என்று கேட்டார். முகம் வாடியது. பிறகு, "பின்னேரம் வந்திடுவியே?" என்றார். ஒவ்வொரு பின்னேரமும் வருவேன் என்றேன். அம்மா நல்ல கையை நீட்டினார்.

"குளிசையைத் தா."

அம்மா விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று அந்தக் கரையில் வேறு இரண்டு குளிர் அறைகளையும் நான்தான் பார்க்கிறேன். ஆய்வுகூடத்தை நினைத்தால் இன்னும் வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். களைப்பும் இருக்கிறது. ஆனால் படுத்தால் நித்திரை வருகிறது. அம்மா தடி பிடித்து முற்றம் வரை நடக்கிறார். இதெல்லாம் தற்செயல் என்று என் படிப்பு சொல்லலாம். நான் அம்மாளாச்சிக்குத்தான் நன்றி சொல்கிறேன்.

படித்துவிட்டு வேலையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, கேட்க வார்த்தை இல்லையென்றாலும் சந்நிதிக்கு வாருங்கள். அவளுக்கு விளங்கும். வெள்ளிக்கிழமைகளில் நானும் வருவேன். உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.