பதினெட்டு டிகிரியில் ஐந்து மீன்கள்

என் அண்ணி நோமிக்கியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஆஸ்திரேலியாவின் இந்த டார்வின் ஊரில் நான் பார்த்ததில்லை. நாற்பது வருடமாகக் கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். முதலைக்குப் பயந்து இன்றுவரை கணுக்காலைக்கூட நனைத்ததில்லை. பள்ளிக்கூட கேன்டீனில் முப்பது வருடம் சமைத்தாள். எந்தப் பிள்ளை தொண்டையில் முள் சிக்குமோ என்று ஒரு நாள்கூட மீன் வறுக்கவில்லை. காரணம் இல்லாத பயமில்லை அது. கிரேக்க நாட்டில், எங்கள் கலிம்னோஸ் தீவில் அவளுடைய அப்பா கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவர். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அவருக்கு இரண்டு காலும் விளங்காமல் போயின. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், சாப்பாட்டைத் தள்ளினார், மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது அண்ணிக்குப் பன்னிரண்டு வயது.

அதனால்தான், போன ஏப்ரலில் என் அண்ணன் சக்கெல்லாரிக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய், அவனும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபோது அண்ணி பாதி செத்துப்போனாள். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். சாரத்தின் உச்சியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே வீடுகளுக்குப் பெயின்ட் அடித்த மனிதன் அவன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர், "அவரைக் கூலா வச்சுக்கோங்க" என்றாராம். அண்ணி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் இரவும் பகலும் ஏசி, பதினெட்டு டிகிரியில். அண்ணன் முனகிக்கொண்டே இடது கையை அந்தப் பெட்டிப் பக்கம் நீட்டினால், பாவம் புழுங்குகிறது என்று இன்னும் ஒரு டிகிரி குறைப்பாள். தான் மட்டும் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே முப்பத்தாறு டிகிரி வெயிலில் வெந்து, வியர்வையோடு உள்ளே போனால் எனக்குப் பல் தந்தியடிக்கும்.

மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான். வெறும் சுவரைப் பார்ப்பதற்கு மீனையாவது பார்க்கட்டுமே என்று ஐந்து கறுப்பு மோலி மீன்களோடு கொண்டுவந்து கட்டிலின் இந்தப் பக்கம் வைத்தேன். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் நாளே அண்ணன் சுவரை விட்டுத் திரும்பினான். ஐந்தில் பெரியது ஒன்று கண்ணாடியோரம் வந்து நிற்கும். அது வாயைத் திறந்தால் இவனும் திறப்பான், அண்ணி ஸ்பூனை உள்ளே தள்ளிவிடுவாள். மூன்று வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்திருக்கலாம் நான். "என்ன பளபளப்பு அண்ணி! மையால செஞ்ச மாதிரி இருக்குதுங்களே!" என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஆட்கள் எதையாவது புகழ்ந்தால் கையோடு மூன்று தரம் 'தூ தூ தூ' என்று துப்பிவிட வேண்டும். எனக்கு மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் போன்.

"செவஸ்தி! என்னடி பண்ணித் தொலைச்ச? மீனு மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா வந்திருக்கு!"

"நான் என்ன பண்ணேன்?"

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அதுவும் நாத்தனார் கண்ணு!"

கோபத்தோடுதான் போனேன். தொட்டியைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. கறுப்பு உடம்பில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு கூழாங்கல்லில் போய்ப் போய் உடம்பைத் தேய்த்தன. ஒன்று மிதந்தது. அது போதாதென்று தண்ணீருக்கு மேலே எண்ணெய் வேறு பளபளத்தது.

"இது என்ன அண்ணி?"

"தண்ணியில எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அப்படியே கலைஞ்சு போச்சு. கண்ணு பட்டதுதான், சந்தேகமே இல்ல. மந்திரிச்ச தண்ணிய அதுங்க மேலேயே ஊத்திட்டேன்."

"மனுஷங்க நெத்தியில தொட்டு வைக்கிறதத் தொட்டியில கொட்டினியா? மூச்சு விட வேணாமா அதுங்க?"

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுததாம்! கண்ணு போட்டவ நீ, கவலையும் உனக்கா?" என்றவள், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ்கட்டியாக இருந்தது. "இதுங்க செத்தா உங்க அண்ணன் திரும்பியும் சுவத்தப் பாத்துடுவாருடி. எங்கப்பா மாதிரி. எனக்குப் பயமா இருக்கு செவஸ்தி."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மிதந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். காலைக் கஞ்சியை அவன் தொடவில்லை.

சமையலறைக் காகிதத்தால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, மீன் விற்ற மரிவிக்கிடம் காரில் ஓடினேன். "வெள்ளைப்புள்ளி நோய்தான், நிறைய பேருக்கு வர்றதுதான்" என்று நீல மருந்து ஒரு பாட்டில் தந்தாள். கண்ணாடியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை ஒன்றும் தந்தாள். வீட்டுக்குத் திரும்பி, அதை ஒட்டிப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"பத்தொன்பதுன்னு காட்டுது மரிவிக்."

"பத்தொன்பதா? தொட்டிய எங்க வச்சிருக்கீங்க, ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

"எங்க அண்ணி வீட்டு ஏசிக்குக் கீழ. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, வெதுவெதுப்புல பொறந்த மீனு அது. குளிர்லயே கிடந்து தெம்பு போயிடுச்சு, அதான் நோய் புடிச்சிருச்சு. இந்தக் குளிர்ல மருந்து மட்டும் போட்டா பத்தாது. தண்ணி சூடானாத்தான் அந்தக் கிருமி சீக்கிரம் உடம்ப விட்டு உதிரும், உதிர்ந்தாத்தான் மருந்து அதைக் கொல்லும். மெதுவா இருபத்தெட்டுக்குக் கொண்டு வாங்க."

"ஹீட்டர் இருக்கா?"

"டார்வின்ல யாருக்கா ஹீட்டர் வாங்குவா? தெக்கேருந்து லாரியில வரணும், பத்து நாளாகும். அதுவரைக்கும் தாங்காது. ஏசிய நிறுத்துங்க, போதும்."

நான் போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கட்டிலுக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள்.

"மீனுக்காக என் புருஷனக் கொல்லச் சொல்றியா? கூலா வச்சுக்கச் சொன்னாரு டாக்டர்!"

"கோபம் வராம, பதட்டம் இல்லாம கூலா வச்சுக்கச் சொல்லியிருப்பாரு அண்ணி! ஐஸ் பெட்டியில வைக்கச் சொல்லல!"

"நீ கூட இருந்து கேட்டியா? நீ டாக்டரா? இந்த நவம்பர் சூட்டுல திரும்பியும் மூளையில ரத்தம் அடைச்சா நீ வந்து பாப்பியா?"

உண்மையிலேயே எனக்குத் தெரியாதுதான். கிளினிக்குக்குப் போன் செய்தேன், டாக்டர் மூன்று மணிக்குக் கூப்பிடுவார் என்றார்கள்.

அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஏசி நின்றது.

திரும்பிப் பார்த்தோம். அண்ணனுடைய இடது கையில் ரிமோட். மேசை ஓரத்திலிருந்து எப்படி எட்டி எடுத்தானோ தெரியாது. அண்ணி அதைப் பிடுங்கி ஏசியைப் போட்டுவிட்டாள். அவன் மறுபடியும் பிடுங்கி அணைத்தான். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போல அதற்கு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவன் ரிமோட்டைத் தொடைக்குக் கீழே திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"நீ எடு செவஸ்தி! உன் அண்ணன்தானே!"

"மாட்டேன்" என்றேன்.

அறை சூடேற ஆரம்பித்தது. நான் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டேன். அண்ணி ஒரு கையால் அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்து, ஆம்புலன்சுக்கான மூன்று பூஜ்யத்தையும் அடித்துத் தயாராக இருந்தாள். பட்டையில் இருபது வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இருபத்தொன்று. அண்ணனுடைய நெற்றியில் வியர்வை அரும்பியது, பிறகு கழுத்தில் வழிந்தது. மூச்சு பெரிதாக வந்தது.

"மனுஷா, உனக்கு என்னவோ ஆகுது. போதும், குடுத்துடு" என்று அண்ணி கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டினான். அவனுடைய வாய் கோணியது. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் கட்டியது. இரண்டாவது தடவை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அண்ணி அலறிக்கொண்டு போன் பொத்தானைத் தேடினாள். அவன் இடது கையால் அந்தப் போனைத் தட்டிவிட்டான்.

"கு..." என்றான்.

ஏழு மாதமாகக் கேட்காத குரல்.

"கு... குளிர்."

"எங்க குளிருது? இப்பவா? வேர்த்துக் கொட்டுதே!" அண்ணி போர்வையை இழுத்தாள். அவன் அதைத் தள்ளினான். நின்றுபோன ஏசியைப் பார்த்து விரலை நீட்டினான். எத்தனையோ நாள் நீட்டிய அதே கை.

"குளிர்" என்றான், இன்னும் தெளிவாக. "குளிர். குளிர்."

அண்ணி ஏசியைப் பார்த்தாள், பிறகு அவனை. அவளுக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன். அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டர் மூன்று மணிக்குக் கூப்பிட்டதும், கூலா என்றால் பதட்டமில்லாமல் என்றுதான் அர்த்தம் என்று அவர் சொன்னதும், பத்து நாள் மருந்தில் மூன்று மீன்கள் பிழைத்ததும் ஊருக்கே தெரியும். அண்ணி அதையெல்லாம் சொல்லுவாள். அந்த மத்தியானம் அவள் கட்டிலோரம் மண்டியிட்டு, வியர்த்து வழிகிற அவனுடைய கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

"வேற என்ன மனுஷா? இத்தனை நாளா வேற என்னெல்லாம் சொன்ன, நான் கேக்காம?"