பிளக்கை இடுப்பில் செருகிக்கொண்ட அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம்தான் கேட்டார். எனக்கு அழகாக எழுத வராது. கோபமும் அதிகம். அது தெரிந்தும் என்னைக் கேட்டார் என்றால், சில விஷயங்களை நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று அவரும் நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது, வளர்ந்தது, கண்ணை மூடியது எல்லாம் சைதாப்பேட்டையில்தான். அப்பா மரவாடியில் மரம் தூக்கினார். அப்பாவின் முதுகு போனதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தச்சு வேலைக்குப் போனார். நான் தொடர்ந்து படித்தேன். என் படிப்பும் என் கல்யாணமும் அவர் உழைப்பில் நடந்தவை. இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. அவரும் எங்கேயும் சொல்லிக் காட்டியதில்லை.

அண்ணனைப் பற்றிச் சிலர் வைத்திருக்கும் ஒரே குறை, அவர் திமிர் பிடித்தவர் என்பது. இதைப் படிப்பவர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போன புதிதில் அண்ணன் தி.நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அலமாரி வேலை செய்துகொண்டிருந்தார். கரண்டில் ஓடும் இழைப்பு மிஷின், பிளேனர் என்பார்களே, அது அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்திருந்தது. கூட வேலை பார்த்தவர் அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பிளேடு மாற்றினார். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கவில்லை. மிஷின் பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அது அழுந்திக்கொண்டால் விரலை எடுத்தாலும் மிஷின் ஓடும். அது அழுந்தித்தான் இருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆட்கள் இப்படி வியர்த்துக் கிடக்கிறார்களே என்று ஃபேன் போட வந்தவர், பக்கத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார். கூட இருந்தவருக்கு இரண்டு விரல்கள் போயின.

யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லவன் போட்டாலும் கரண்டு கரண்டுதான்" என்பார். அன்றிலிருந்து பிளேடைத் தொட வேண்டுமென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கிய பிளக்கைக் கீழேயும் விடமாட்டார், தன் இடுப்பில் செருகிக்கொள்வார். தன்னைத் தாண்டி வேறு எவரும் அதைப் போட முடியக்கூடாது. வீட்டில் மிக்சியைக் கழுவும்போதுகூட அண்ணி அந்த வயரைத் தன் தோளில் போட்டுக்கொள்வார். அந்தப் பழக்கம் அவருக்கு அண்ணனிடமிருந்து வந்தது.

பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சந்தில் மிஷின்களை வாடகைக்கு விடும் கடை போட்டார். டிரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின், கிரைண்டர், பிளேனர். பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. அதை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். இருவரும் ஒரே டீயைப் பாதி பாதியாகக் குடித்தவர்கள்.

அந்தக் கடையில் மிஷின் வாங்குவது லேசு இல்லை. தொளதொளச் சட்டையோடு வந்தால் கையை மடிக்கச் சொல்வார். லுங்கியோடு வந்தால் பேன்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பிளேடு மாட்டுகிறவன் என்று தெரிந்தால் அடுத்த முறை அவனுக்கு மிஷின் கிடையாது. பிளக்கை வெட்டிவிட்டு வயரைச் சுவர் பிளக் பாயிண்டில் தீக்குச்சியால் சொருகி ஓட்டியவர்களை அவர் திட்டிய வார்த்தைகளை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. சுற்றும் பிளேனரில் கையுறை போடாதே, பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும் என்பார். கண்ணாடி மட்டும் கட்டாயம். அதற்கு வாடகை வாங்கமாட்டார்.

ஒருமுறை ஒருவர் கை நிறையக் கோயில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். கழற்றச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சாமிக் கயிறு என்றார். அண்ணன் சொன்னதைப் பாய் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

"சாமிக்குக் கோவம் வந்தா நான் பேசிக்கிறேன் நைனா. மிசினுக்குக் கோவம் வந்தா யாரு பேசறது?"

கடையில் இருந்த சாமி படத்தில் அப்படி அறுத்து மாட்டிய கயிறுகள் ஒரு கொத்து தொங்கும். கோயிலில்கூட அவ்வளவு இருக்காது.

மழைக்காலத்தில்தான் பிளேனருக்குப் போட்டி. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் கதவு ஊதிப்போச்சு, மூடவில்லை, திறக்கவில்லை என்று வருவார்கள். பாதிப் பேரை அண்ணன் திருப்பி அனுப்புவார். மழையில் ஊதிய கதவை மழையிலேயே இழைத்தால் வெயில் காலத்தில் சந்து விழும், காயட்டும், பொறு என்பார். வந்த வியாபாரத்தை விரட்டுகிறாரே என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணன் வீட்டு வாசலிலும் இரட்டைக் கதவு. அதில் இடப்பக்கக் கதவு வருஷா வருஷம் ஐப்பசியில் இறுகிக்கொள்ளும். அண்ணி கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான்: காயட்டும். காய்ந்ததும் அது தானாகத் திறந்துகொள்ளும். இவரும் மறந்துவிடுவார்.

இப்போது எல்லோரும் காத்திருக்கும் கதைக்கு வருகிறேன். பாலவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

அதற்கு முந்தின வாரம் நல்ல மழை. காலையில் பார்த்தால் வாசல் கதவு புதுக் கிரானைட்டில் உரசி, பாதிக்கு மேல் திறக்கவில்லை. வெளியே பசுவும் கன்றும் நிற்கின்றன. ஐயர் நேரம் போகிறது என்கிறார். என் கணவரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அண்ணனின் பையிலிருந்து பிளேனரை எடுத்துவிட்டார். முந்தின நாள் அலமாரி வேலைக்காக அண்ணன் அதைக் கொண்டுவந்திருந்தார். பெரிய மாமா பட்டு வேட்டியில் இருந்தார். தோளில் அங்கவஸ்திரம், கையில் தங்க பிரேஸ்லெட், மோதிரம். காலில் செருப்பில்லை. தரை கழுவிவிட்டது, ஈரம் காயவில்லை. அந்த ஈரத்திலேயே எக்ஸ்டென்ஷன் போர்டு கிடந்தது.

அண்ணன் வந்தார். பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மிஷின் ஒருவர் கையில், பிளக் இன்னொருவர் இடுப்பில், நடுவில் வயர். இரண்டு வீட்டுச் சனமும் சுற்றி நின்று பார்த்தது.

"மச்சான், நேரம் போவுது. பிளக்கக் குடு" என்றார் பெரிய மாமா.

"கையில கீறது, தோள்ல கீறது எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்க பெரிய மாப்ளே. தரை காயட்டும். கதவுல ஆணி கீதான்னு நான் பாக்கணும். அப்பால தரேன்."

"நல்ல நேரம் போயிடும்யா."

"நல்ல நேரம் நாளைக்கும் வரும். வெரலு வராது."

"உன் மிசின்னா உனக்கு இவ்ளோ திமிரா?"

"திமிரு என்துதான். வெரலு ஒங்கள்து."

பெரிய மாமா மிஷினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நாங்கள் பாதி திறந்த கதவு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து கிரகப்பிரவேசம் செய்தோம். பசு வாசலோடு திரும்பிவிட்டது. மாடுகூட உள்ளே வரவில்லை, அபசகுனம் என்று அன்றைக்குப் பேசியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் நாங்கள் இன்றுவரை நன்றாக இருக்கிறோம். வழுக்கும் கல்லில் மாடு கால் வைக்காது, அதற்கு அறிவு இருக்கிறது. அன்று கதவின் அடியில் அண்ணன் தடவிப் பார்த்தபோது ஒரு ஆணி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். கதவை ஏற்றி வந்தபோது முட்டுக் கொடுக்க யாரோ அடித்த கட்டையின் ஆணி, தலை உடைந்து உள்ளே இருந்தது. ஓடும் பிளேடு அதில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களில் தச்சு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அதன் பிறகு பெரிய மாமா அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். விசேஷங்களில் இவர் ஒரு பந்தி என்றால் அவர் அடுத்த பந்தி. எனக்கு அது வலித்தது. புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் அந்த வயர் மாதிரி நான் நின்றேன். என் மூத்த பெண்ணின் கல்யாணத்தில்கூட இருவரும் ஒரே போட்டோவில் இல்லை.

பெரிய மாமாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மரவேலையில் ஆசை வந்துவிட்டது. பிளேனர் வாடகைக்கு எடுத்து வரும்படி என் கணவரை அனுப்பினார். அண்ணன் தரவில்லை. பிடிக்கிற கை வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரொம்ப நாள் கழித்து அந்தக் கை வந்தது. பிரேஸ்லெட் இல்லாமல் வந்தது என்று பாய் சொன்னார்.

மற்ற எல்லோருக்கும் செய்வதையே அண்ணன் அவருக்கும் செய்தார். ஒரு பலகையைக் கவ்வியில் இறுக்கி இழைத்துக் காட்டச் சொன்னார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மிஷின் முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மரத்தில் இறக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழமாக எடுக்காமல் மெல்லிசாகப் பலமுறை ஓட்ட வேண்டும். வயர் தோளுக்குப் பின்னால் கிடக்க வேண்டும். சீவல் அடைத்துக்கொண்டால் விரலை விடாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குச்சியால் தள்ள வேண்டும். சுவிட்சை விட்டதும் கீழே வைக்கக்கூடாது, உள்ளே பிளேடு உருளை சுற்றி நிற்கிறவரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து பெரிய மாமா அடிக்கடி கடைக்கு வந்தார். நலமா என்று இவர் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. இருவரும் மிஷினைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

அண்ணனை எடுத்துக்கொண்டது தூசி. இளம் வயதில் மரத்தூளையும் பிளைவுட் தூளையும் மாஸ்க் இல்லாமல் வருஷக்கணக்கில் சுவாசித்தார். விரலைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்திருந்தது. நுரையீரலைப் பற்றி அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பின்னாளில் கண்ணாடியோடு மாஸ்க்கும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி என்னிடம் சொன்னார்: "அந்த மாஸ்க்க அப்பவே போட்டிருந்தா இந்த மாஸ்க் வேணாம்மா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்து இருமினார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார், அழைத்து வந்தோம். வந்த மறுநாள் விடியலில் போய்விட்டார்.

ஐப்பசி மழை. ஐஸ் பெட்டி வண்டியில் வந்து இறங்கியது. ஒரு பக்கக் கதவு வழியாக அது நுழையவில்லை. இடப்பக்கக் கதவோ இறுகிக் கிடந்தது. இளவட்டங்கள் நாலு பேர் அதை எட்டி உதைக்கப் போனார்கள். பெரிய மாமா அவர்களைத் தடுத்தார். பாய் மழையோடு வண்டியில் போய்க் கடையைத் திறந்து பிளேனரைக் கொண்டுவந்தார். நனையாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றியிருந்தார்.

பெரிய மாமா மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கீல்களைக் கழற்றிக் கதவைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, இருவரைப் பிடிக்கச் சொன்னார். கதவில்லாத வாசலில் சாரல் நேராகக் கூடத்தில் அடிக்கும், இழைத்து மாட்டிவிட்டே பெட்டியை உள்ளே கொண்டுவரலாம் என்றார். தன் துண்டால் தரையைத் துடைத்தார். கதவின் ஓரம் முழுவதையும் விரலால் தடவித் தோரணம் கட்டிய ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பெரிய மாமா மிஷினைத் திருப்பிப் பிளேடைப் பார்க்கப் போனார். அதற்கு முன், யாரோ மாட்டிவைத்திருந்த பிளக்கைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதுவரை அழாமல் இருந்த அண்ணி அதைப் பார்த்துத்தான் அழுதார்.

இழைத்து முடித்ததும் யாரோ கதவைத் தூக்க வந்தார்கள். "இருங்க. சுத்தி நிக்கட்டும்" என்றார் பெரிய மாமா. மிஷினைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே உருளை சுற்றி அடங்குகிறவரை அந்த வீட்டில் ஒருவரும் அசையவில்லை. பிறகு கதவை மாட்டி, இரண்டு கதவையும் திறந்து பெட்டியை உள்ளே கொண்டுவந்தோம். அதில் அண்ணனைப் படுக்க வைத்து, கைகளை மார்பில் சேர்த்து வைத்தது பெரிய மாமாதான். ஆயுசு முழுவதும் பிளேடோடு இருந்தவருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணனின் கிண்டலைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. ஈமக் காரியங்களைத் தன் வீட்டுக் காரியமாகச் செய்த தெருக்காரர்களுக்கு நன்றி. கடையை மூடவிடாமல் இன்றும் நடத்துகிற, அதே கண்டிப்போடு ஆட்களைத் திருப்பி அனுப்புகிற பாய்க்கு நன்றி. பெரிய மாமாவுக்கு நான் இதுவரை வாயால் நன்றி சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். கடையில் திட்டு வாங்கிக்கொண்டு கயிற்றைக் கழற்றியவர்களுக்கும் நன்றி. நீங்கள் கும்பிட வரும்போது உங்கள் விரல்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சித்திரை வெயிலில் அந்தக் கதவு சுருங்கி, நடுவில் விரல் நுழையும் அளவு சந்து விழுந்துவிட்டது. அண்ணன் சொன்னது சரிதான். பெரிய மாமா அதை மறைக்க ஒரு பட்டை அடித்துத் தருகிறேன் என்று வந்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். காலையில் அந்தச் சந்து வழியாகக் கூடத்தில் ஒரு கோடு வெயில் விழுகிறது. அண்ணி காபியை அங்கேதான் உட்கார்ந்து குடிக்கிறார்.